ஆறடிக் கயிறும் எட்டடிக் காம்பராவும்

ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் நாய்களுக்கு அனுமதி கிடையாது. இந்த மாபெரும் அநீதியை உலகத்தின் காதில் போடவேண்டிய கடமை தலவாக்கலைக்காரர்களாகிய எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஏனென்றால், பட்டிப்பொல வாசலில் திருப்பி அனுப்பப்படுகிற நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் மனம் நொந்து, நானுஓயா தாண்டி அட்டன் வீதியால் இறங்கி வந்து, மூச்சுவிட நிற்பது எங்கள் ஊர் ஓரத்தில்தான். சென்கிளேயர் அருவி தெரிகிற திருப்பத்தில் கேம்பர் வண்டியை ஓரங்கட்டுவார்கள். பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் கூரைத்துணியை இழுத்து விரிப்பார்கள். மடக்குக் கதிரையில் சாய்ந்துகொண்டு, இந்த நாடு உருப்படாது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

ஏப்ரல் சீசனில் அப்படி நின்ற ஒரு வண்டியைக் கிட்டப் போய்ப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கொழும்பு ஆட்கள். நல்லவர்கள், எனக்குத் தேத்தண்ணிகூடத் தந்தார்கள், பையில் கட்டிய தேயிலைத்தூளில். இரண்டு நாய்கள். ஒன்றின் பெயர் மோக்கா, மற்றது லாட்டே. தேயிலை நாட்டுக்குக் கோப்பிப் பெயரோடு வந்திருக்கின்றன. 1869இல் இலைநோய் வந்து கோப்பி இந்த மலையில் செத்துப் போயிற்று, இப்போது நாலு காலில் திரும்பி வந்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்த வாய்.

மோக்காவுக்கு மழைச்சட்டை. உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே நீர் ஒட்டாத துணி, வயிற்றுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும் கொக்கி, தொப்பியில் காதுக்கு ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீதிக்கு மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தேன். இடுப்பில் படங்கு. முதுகில் உரச் சாக்கைப் பிரித்துத் தைத்த பொலித்தீன் சீட்டு. நாய்ச் சட்டையின் தையல் நன்றாக இருந்தது என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறேன்.

வண்டிக்காரரின் முறைப்பாடு இதுதான்: "இவங்க ரெண்டு பேரும் எங்கட குடும்பம். குடும்பத்த வாசல்ல விட்டுட்டு எப்பிடி உள்ள போறது? வெளிநாட்டுல எல்லாம் நாயோட பார்க்குக்குப் போகலாம். இங்கதான் காட்டுமிராண்டிச் சட்டம்."

வெளிநாட்டில் எப்படி என்று அவருக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயைக் கொண்டுபோகலாம்தான்: வண்டி நிறுத்துமிடம் வரை, முகாமிடும் இடம் வரை. பெரும்பாலான காட்டுப் பாதைகளில் அதற்குக் கால் வைக்க இடமில்லை. வைக்கிற இடத்திலும் கயிறு ஆறடிக்கு மேல் நீளக்கூடாது என்று சட்டமே அளந்து சொல்கிறது. ஆறடி! ஒரு நாய் தாராளமாக மூச்சுவிட ஆறடி தேவை என்று ஒரு வல்லரசு உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறது. எங்கள் மலையில் ஒரு முழுக் குடும்பம், தாத்தா முதல் தொட்டில் பிள்ளை வரை, மூச்சுவிடக் கொடுக்கப்பட்டது லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் எட்டடிக் காம்பரா. நாயின் கயிற்றைவிட இரண்டடி கூட. நன்றிகெட்டவர்கள் என்று எங்களை யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த இரண்டடிக்கும் 200 வருஷமாகக் கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தக் கேம்பர் வண்டியின் உள்ளேயும் ஏறிப் பார்த்தேன். அவரே அழைத்தார். ஒரே அறை. மடக்கினால் மேசை, விரித்தால் கட்டில். மூலையில் அடுப்பு. கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடத்தில் செருப்பு, நாய்த் தட்டு, வாளி. எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். "சின்ன இடத்துல வாழ்றது ஒரு தியானம்," என்றார் அம்மணி. "எவ்வளவு குறைச்சலா வச்சுக்கிட்டு மனுசன் சந்தோசமா இருக்கலாம்னு இதுல வந்த பிறகுதான் வெளங்குது." நான் தலையாட்டினேன். இந்த ஞானம் எங்களுக்குப் பிறப்பிலேயே ஊட்டப்பட்டது. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும், இஸ்தோப்பில் விறகும் கோழியும், திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் புது மாப்பிள்ளையும் பெண்ணும், இந்தப் பக்கம் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சியும். இதை நாங்கள் தியானம் என்று இத்தனை காலமும் தெரியாமல் லயம் என்று சொல்லி முறைப்பாடு செய்து வந்திருக்கிறோம். வண்டிக்கும் லயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அவர்களுக்குத் தியானம் அலுத்தால் சாவியைத் திருப்பி வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றும் உண்டு. வண்டிக்குள் கக்கூஸ் இருந்தது.

சரி, நாய்களின் வழக்குக்கு வருவோம்.

ஹோர்ட்டன் சமவெளியில் நாய்களுக்கு எப்போதும் தடை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே நாய்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை அந்த மேட்டுநிலத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். 1848இல் சாமுவேல் பேக்கர் என்கிற துரை, நுவரெலியாவில் ஒரு குட்டி இங்கிலாந்து அமைக்கப் போகிறேன் என்று கப்பலில் மாடு, ஆடு, கலப்பை, கொல்லன், கூடவே வேட்டைநாய்க் கூட்டம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தார். நாய்களை விட்டு மரையைத் துரத்துவார். நாய்கள் மரையை ஆற்று மடுவில் மறித்து நிறுத்தும். துரை கத்தியோடு இறங்குவார். இதுதான் விளையாட்டு. யானைகளைத் துப்பாக்கியால் சுட்டார். இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார். தலைப்பிலேயே துப்பாக்கியும் வேட்டைநாயும் சமபங்காக நிற்கும். கில்பக், ஸ்மட், பிரான் என்று நாய்களின் பெயரும் குணமும் வீரமும் அதில் அழியாமல் பதிவாகியிருக்கின்றன. துரைமாரின் பெட்டியையும் கூடாரத்தையும் அரிசியையும் சாராயத்தையும் தலையில் சுமந்து மலையேறியவர்களோ பெரும்பாலும் கூலிகள் என்ற ஒற்றைச் சொல்லில் கும்பலாகப் போய்விடுகிறார்கள். மோக்காவின் பாட்டன்மார் சரித்திரத்தில் இருக்கிறார்கள்; என் பாட்டன்மார் சாமான் கணக்கில் இருக்கிறார்கள்.

அந்த வீரத்தின் பலன் என்ன தெரியுமா? இன்றைக்கு ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு யானை கிடையாது. அருவி ஒன்றுக்கு பேக்கரின் பெயர் கிடைத்திருக்கிறது. காட்டை அழித்தவனின் பெயரைக் காட்டிலேயே எழுதி வைத்து, அதைப் பார்க்கக் கட்டணமும் வாங்குகிற சாமர்த்தியம் நம் நாட்டுக்கு உண்டு. 1873இலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கை வைக்காதே என்று வெள்ளைக்கார அரசுக்குச் சொன்னதால்தான் மிச்சமாவது மிஞ்சியது. 1969இல் அது இயற்கை ஒதுக்கிடம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமை. மகாவலி, களனி, வளவை மூன்றும் தண்ணீர் எடுக்கிற தலைமாடு அது.

ஆகவே வாசலில் நாயை மறிக்கிற அந்த வனஜீவராசி உத்தியோகத்தரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதில் அங்கதம் ஒன்றும் இல்லை. நாயின் மணம் பட்டாலே மரைக்குக் குலை நடுங்கும். அதன் இரத்தத்தில் பேக்கர் துரையின் ஞாபகம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றும். மணத்தைவிட நோய் பெரிது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஊர் நாய்களிடமிருந்து தொற்றிய டிஸ்டெம்பர் நோயில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டிலும் அதே கிருமி சிங்கங்களைக் கொன்றது. நம்முடைய மலைச் சிறுத்தையும் அதே குலம். மோக்கா ஊசி போட்ட நாய்தான், சட்டை போட்ட நாய்தான், வாசலில் நிற்பவர் அதற்காக விதியை வளைக்க முடியாது. அவர் தண்ணீர்ப் போத்தலின் பொலித்தீன் லேபிளையே உரித்து வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுகிறவர். மரையின் வயிற்றில் பொலித்தீன் கண்டபிறகு வந்த கண்டிப்பு அது. இந்த நாட்டில் ஒழுங்காக நடைமுறையாகிற சட்டம் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் அந்த வாசலுக்குக் கூட்டிப் போகலாம்.

எனக்குப் பொறுக்காதது வேறு. காட்டு மிருகத்துக்கு வந்திருக்கிற சட்டம், வீட்டு மிருகத்துக்கு வந்திருக்கிற சட்டம், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனிதனைத் தேடி வராததுதான்.

வீட்டு மிருகத்தின் கதையைக் கேளுங்கள். நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901. கட்டணத்தைக் கட்டினால் இலங்கை மண்ணில் உங்கள் நாய் பதிவான நாய். எந்த ஊரில் பிறந்தது, எத்தனை தலைமுறையாக இங்கே குரைக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதே காலத்தில்தான், தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களின் கழுத்தில் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். டின் டிக்கெட். எந்தத் துரைக்குப் போகிற சரக்கு என்று வழியில் தெரியவேண்டும் அல்லவா? ஆக நாய்க்கும் ஒரு பதிவு, எங்களுக்கும் ஒரு வில்லை. அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய சமநிலைதான். இதைச் சமத்துவம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

சுதந்திரம் வந்ததும் அந்தச் சமத்துவமும் போயிற்று. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1949இல் இன்னொரு சட்டம் வந்து, விரும்பினால் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னால், கலியாணமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் இந்த நாட்டில் தொடர்ந்து குடியிருந்ததாகத் துண்டு துண்டாக எழுத்தில் நிரூபிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கண்ணால் காணாத, பதிவேடு முழுவதும் துரையின் அலுமாரியில் பூட்டப்பட்டிருந்த மனிதர்களிடம் கேட்டார்கள் இதை. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கடைசி நாடற்றவனுக்கும் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003இல். நாய்க்குப் பிந்தி 102 வருஷம்.

இதை நான் மோக்காவின் ஐயாவிடம் சொன்னபோது அவர் உண்மையாகவே அதிர்ந்து போனார். "ஐயோ, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதே," என்றார். தெரியாதுதான். அருவியைப் பார்க்கத்தானே திருப்பத்தில் இடம் விட்டிருக்கிறது.

அந்த அருவிக்கும் ஒரு கதை உண்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக எங்கள் ஊரில் அணை கட்டினார்கள். 2012இல் திட்டம் ஓடத் தொடங்கியது, 150 மெகாவாட். ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பினால் அருவி வற்றிப்போகும், பார்க்க வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று பெரும் விவாதம் நடந்தது. கடைசியில், பகலில் அருவிக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இப்போது, தோட்டத்து ஆட்கள் ஆஜராகிற பெரட்டு போல, சென்கிளேயருக்கும் பெரட்டு நேரம் இருக்கிறது. பார்க்க ஆள் இருக்கும் பொழுதில் விழவேண்டும். அருவியின் அழகுக்குப் பேச அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதே அருவிச் சத்தம் கேட்கிற தூரத்திலுள்ள லயங்களில் பீலித் தண்ணீருக்கு வாளியோடு வரிசை நிற்கிறவர்களுக்கு இத்தனை மணிக்கு இத்தனை தண்ணீர் என்று எந்தத் திட்டத்திலும் யாரும் நிபந்தனை போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

வண்டி இரவில் எங்கே தங்கும் என்று கேட்டேன். அதற்கும் ஏற்பாடாகியிருந்தது. பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பங்களா வளவு. பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாப் பங்களாவும் ஒன்றுதான். புல்வெளியில் வண்டி நிறுத்த இடம், மின்சாரத்துக்கு வயர், குழாயில் சுடுதண்ணீர், நாய் ஓட வேலி அடைத்த மூலை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிட்டது. "ரொம்ப நல்ல மனுசர் அந்த மனேஜர்," என்றார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அதே நிலத்தில் அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன், கலியாணமான தம்பிக்காக லயத்துக்குப் பக்கத்தில் நாலு தகரம் சாத்தி ஒரு காம்பரா இறக்கினால் அந்த நல்ல மனிதர் என்ன செய்வார் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் மாத்தளைப் பக்கம் ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் அடித்து நொறுக்கியதை நாடே காணொளியில் பார்த்தது. கூரைத்துணி விரித்தால் சுற்றுலா. கூரைத்தகரம் வைத்தால் அத்துமீறல்.

நாயைப் பதிவு செய்கிற அதிகாரம் உள்ளூராட்சிச் சபைக்குத்தான். அதே சபை லயத்துக்கு முன்னால் ஒரு கான் வெட்டி, கல் பதித்து, சாக்கடையை ஓடவிட முடியாமல் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டம் தனியார் நிலம், பொதுப்பணம் உள்ளே போகக்கூடாது. வாக்கு மட்டும் உள்ளேயிருந்து வெளியே வரலாம். அந்த ஒரு பிரிவைத் திருத்த 2018 வரை 31 வருஷம் பிடித்தது. எத்தனை மலையக அமைச்சர்கள் அந்த 31 வருஷத்தில் கொடி கட்டிய வாகனத்தில் இந்த வீதியால் போயிருப்பார்கள்! தொழிற்சங்கச் சந்தாவை மாதம் தவறாமல் சம்பளத்தில் வெட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு சட்டப்பிரிவை வெட்டத் தெரியவில்லை. துரைமார் மேல் எனக்கிருக்கும் கோபத்தைவிட இவர்கள் மேல் இருக்கும் கோபம் கூடுதலானது. துரை நம்மவன் என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்ததில்லை.

விலாசமும் அப்படித்தான். கேம்பர் வண்டிக்கு இலக்கத் தகடு உண்டு. மோக்காவின் கழுத்துப்பட்டியில் பெயரும் தொலைபேசி எண்ணும் உண்டு, தொலைந்தால் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். லயத்துக் காம்பராவில் இருக்கிறவனுக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் மொத்தமாகத் தோட்டத்துக்கு வரும். பிறகு யார் கையிலாவது ஏறி, யார் பையிலாவது இருந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி முடிந்தபிறகு காம்பராவுக்கு வரும். இந்த மலையில் வேலைக் கடிதம் தவறிய பிள்ளை இல்லாத டிவிசன் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இதற்குள் மலையில் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வீதிக்கு இறங்கிவிட்டார்கள். அம்மணிக்கு அவர்களோடு படம் எடுக்க ஆசை. கூடையோடு, சிரிப்போடு, பின்னால் அருவியோடு. ஒரு ஆச்சி மட்டும் படத்துக்கு நிற்காமல் மோக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கோழி இறைச்சித் துண்டு கலந்த சோற்றை முகர்ந்துவிட்டு, வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டது.

"என்னா தம்பி, இதுக்கு என்னா வேல?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு வேலயும் இல்ல ஆச்சி. சும்மா கூட வருது."

"வேல இல்லாமயா சட்ட, சாப்பாடு, வாகனம்?"

"ஆமா."

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஸ்டாப்பா?"

ஸ்டாப் என்றால் எங்கள் பேச்சில் தோட்டத்து உத்தியோகத்தர். தோட்டத்து ஆட்சி முறையைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வுகளையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வீதி என்று பாராமல் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு நிறை குறைந்து அரைப்பேர் விழுந்திருந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது பட்டாசு கொளுத்தினார்கள். ஆனால் தராசுத் தட்டு சொல்கிற கிலோ வந்தால்தான் முழுப்பேர். வராவிட்டால் நாள் முழுக்க மழையில் நின்றதற்குப் பாதி. கூடையில் ஈரம் என்று ஒரு கழிவு, சாக்கு நிறை என்று ஒரு கழிவு. மழைக்குக் கூலி கழிக்கிற கணக்கை உலகத்தில் வேறு எங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள்?

எங்கள் லயங்களிலும் நாய்கள் உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. சட்டை இல்லை, கோப்பிப் பெயரும் இல்லை. மணி, கறுப்பன், வெள்ளையன். இவற்றுக்குத் தேசியப் பூங்காவுக்குப் போகும் கவலை கிடையாது. தேசியப் பூங்கா இவற்றைத் தேடி வருகிறது. கவனிக்க ஆளில்லாமல் காடாகிப் போன தேயிலைக்குள் சிறுத்தை படுத்துக்கிடக்கும். இரவில் லயத்துப் பக்கம் இறங்கும். காலையில் சங்கிலி இருக்கும், நாய் இருக்காது. சில நாள் கூரைக்குள்ளேயே விழுந்து கிடக்கும். அட்டன், லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம பக்கத்துப் பெண்கள் கொழுந்து மலையில் சிறுத்தை பாய்ந்து காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில் நாலு வரியில் வரும்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில், மரக்கறித் தோட்டத்துக் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. அபூர்வமான மிருகம். மயக்க ஊசி போட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துப்போயிற்று. எனக்கும் நெஞ்சு வலித்தது. இப்போதும் சொல்கிறேன், கம்பிச் சுருக்கு வைப்பது கொலை. பன்றிக்கு வைத்தேன் என்று சொல்வது சாக்கு. வைக்கிறவன் எங்கள் ஆளாக இருந்தாலும் பிடித்து உள்ளே போடவேண்டும். ஆனால் அந்த வாரம் நாடு முழுவதும் கிளம்பிய கோபத்தைப் பார்த்தேன். மெழுகுவர்த்தி, கவிதை, கண்ணீர், தோட்டத்து ஆட்கள் மிருக ஜென்மங்கள் என்ற ஏச்சு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் கண்ணீர் வந்தது, ஒரு வாரம். அந்த இடம் சரியும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு துண்டு நிலம் யாரும் கொடுத்திருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்து மலை மலையாகச் சரிந்தபோதும் அதே கதை. ஆபத்தான இடம், வெளியேறு என்பார்கள். எங்கே போவது என்றால் பாடசாலைக்கு. பாடசாலை திறந்ததும் எங்கே போவது என்றால், அந்தக் கேள்வியைப் பதிவு செய்துகொள்வார்கள்.

சிறுத்தைக்கு ஒதுக்கிடம் வேண்டும். மரைக்கு வேண்டும். 3,160 ஹெக்டேயர் ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு அங்குலமும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, எங்களுக்கும் கூடாது. நாங்கள் கேட்பது காடு இல்லை. எங்கள் ஆட்கள் காடு வெட்டி, கல் உடைத்து, படி கட்டி, செடி நட்டு, செத்து, அந்தச் செடிக்கே உரமாகிப்போன தேயிலை மலையில் ஏழு பேர்ச். தேர்தலுக்குத் தேர்தல் அதைப் பத்து ஆக்குவார்கள், இருபது ஆக்குவார்கள். மேடையில்தான் காணிக்குப் பஞ்சமில்லையே. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, முன்பு சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 என்று அறிவித்தபோது கைதட்டிய கை இன்னும் சிவந்திருக்கிறது.

சென்கிளேயரிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் டெவன். அங்கேயும் அருவி உண்டு, அங்கேயும் வண்டி நிறுத்திப் படம் எடுப்பார்கள். 1977 மே 11ஆம் திகதி, 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர்கள் மேல் பொலிஸ் சுட்டது அங்கேதான். சிவனு லெட்சுமணன் விழுந்தார். அவர் தனக்கென்று காணி கேட்டுச் சாகவில்லை. கொழுந்து எடுக்கிற மலையைப் பிடுங்காதே என்று கேட்டுச் செத்தார். அருவியின் பெயர்ப்பலகையில் அது கோப்பி போட்ட துரையின் பெயரால் வந்தது என்ற விவரத்தைச் சொல்வார்கள். இவர் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

மோக்காவின் வீட்டாரே, நீங்கள் கெட்டவர்கள் இல்லை. திரும்பவும் வாருங்கள், நாயோடு வாருங்கள். சென்கிளேயர் திருப்பத்தில் எங்களுக்கு ஆட்சேபனை கிடையாது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற நாளில் மட்டும் நாயைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்துவிட்டுப் போங்கள். பங்களா வளவில் வண்டி நிறுத்த அடுத்த முறை தொலைபேசி எடுக்கும்போது, அந்த நல்ல மனேஜரிடம் எங்களுக்காக ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரே அழைப்பில் ஒரு இரவுக்குக் கிடைக்கிற அந்த நிலம், ஐந்து தலைமுறையாக அதில் பேர் போடுகிறவர்களுக்கு உறுதிப்பத்திரத்தோடு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டால் பெரட்டில் நிற்கவைத்து விசாரணை வைப்பார். நீங்கள் கேட்டால் உட்காரவைத்துத் தேத்தண்ணியாவது தருவார்.